கிட்டியிலிருந்து கேமரா வரை

சென்னை மாநகரில் தெருக்களின் பெயர்கள் காலந்தோறும் மாறி வந்துள்ளன. மயிலாப்பூரில் இன்று டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலை என வழங்கும் அகன்ற சாலை, முன்னாளில் எட்வர்டு எலியட்ஸ் சாலை எனப்பட்டது. சாலையினின்று அப்பெயர் நீங்கிவிட்டது. ஆயினும் அம்மனிதரின் பெயர் அடையாற்றுக்குத் தெற்கே, பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் இன்னமும் நிலைத்து நிற்கிறது. மாலை வேளையில் குழந்தைகளோடு அக்கடற்கரைக்குச் செல்லும் குடும்பங்களுள், யார் அந்த எலியட் என்று வினவுவோர் மிகச் சிலரே.

அவர் ஒரு காவல் அதிகாரி. 1814 முதல் 1820 வரை சென்னை ஆளுநராயிருந்த ஹியூ எலியட்டின் மைந்தர். சென்னைப் பட்டினத்தின் காவல் கண்காணிப்பாளராகவும் தலைமை மாஜிஸ்திரேட்டாகவும் விளங்கியவர். இவை அனைத்தினும் மேலாக, இந்திய நாட்டுக் காவல்துறையின் வரலாற்றையே திருப்பிய ஓர் அறிக்கையில் கையொப்பமிட்ட மூவருள் ஒருவர். அந்த அறிக்கை எழுப்பிய வினா இன்றும் நம் வீட்டு வாயிலில் நிற்கிறது. காவலரைக் கண்டு குற்றவாளி அஞ்சட்டும். குற்றமற்றவன் ஏன் அஞ்ச வேண்டும்?

இக்காலக் காவல் பணி எதிர்கொள்ளும் இடர்களைப் பற்றிப் பேசுவோர் கணினிக் குற்றத்தையும் மக்கள் நெருக்கத்தையும் ஆள் பற்றாக்குறையையும் எடுத்துரைப்பர். அவை மெய்யே. எனினும், அவற்றுக்கெல்லாம் அடியில் கிடக்கும் பழைய இடர் இந்த அச்சமே என்பது நம் எண்ணம். அதனை மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய மூன்று பகுதிகளின் வரலாற்றைக் கொண்டே ஆராய்ந்து பார்ப்போம்.

தலையாரியும் கொத்தவாலும்

கம்பெனியார் கோட்டை கட்டிக் குடியேறிய 17-ஆம் நூற்றாண்டில், கறுப்பர் பட்டினத்தின் காவல் பெத்த நாயக்கர் என்னும் பாளையக்காரரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. அவருக்குக் கீழே தலையாரிகள் இருந்தனர். ஊருக்குள் வரும் நெல், மீன், எண்ணெய் முதலிய பொருள்கள் மீது சிறு வரி தண்டிக்கொள்ளும் உரிமையே அவர்களுக்கு ஊதியம். பெத்தநாயக்கன்பேட்டை என்னும் பெயர் அக்காலத்தின் நினைவாக எஞ்சியிருக்கிறது. பாரசீக மொழியிலிருந்து வந்து, முஸ்லிம் அரசுகளின் நகர நிர்வாகத்தில் காவல் தலைவனைக் குறித்து வழங்கிய 'கொத்தவால்' என்னும் சொல்லும் கொத்தவால் சாவடி என்ற பெயரில் நம்மிடையே தங்கிவிட்டது.

பாளையக்காரரின் காவலில் குறைகள் பல இருந்தன. ஆயினும் ஒரு சிறப்பும் இருந்தது. காவல் காப்பவன் யார், அவன் எந்தத் தெருவில் வாழ்பவன், அவன் தந்தை யார் என்பனவெல்லாம் ஊருக்குத் தெரியும். ஊரைப் பற்றி அவனுக்கும் தெரியும். கம்பெனி ஆட்சி விரிந்தபோது இந்த அறிமுகம் குலைந்தது. நாட்டுப்புறங்களில் வரி தண்டும் தாசில்தாரிடமே காவல் அதிகாரமும் சேர்க்கப்பட்டது. கையில் ஓலையும் பிரம்பும் ஒருங்கே வந்து சேர்ந்தால் என்ன நிகழும்? நிகழ்ந்ததை உலகம் 1855-இல் அறிந்தது.

மூவர் அறிக்கை

சென்னைவாசிகள் சங்கத்தை 1852-இல் நிறுவிய காசுலு இலட்சுமிநரசு செட்டியார், 'கிரெசென்ட்' என்னும் இதழை நடத்தியவர். சென்னைக்கு வந்த டான்பி சீமோர் என்னும் பிரிட்டிஷ் பாராளுமன்ற உறுப்பினரை நாட்டுப்புறங்களுக்கு அழைத்துச் சென்று, வரிக்காகக் குடியானவர்கள் வதைக்கப்படும் நிலையை நேரில் காணச் செய்தார். 1854-இல் பாராளுமன்றத்தில் அச்செய்தி ஒலித்தது. அதன் விளைவாகச் சென்னை அரசு எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவரைக் கொண்ட ஆணையத்தை அமைத்தது.

ஆணையம் சென்னையில் அமர்ந்து முறையீடுகளைக் கேட்டது. இரயில் இல்லாத அந்நாளில், நெடுந்தொலைவிலிருந்து கால்நடையாகவே வந்தோர் பலர். நேரில் வந்து முறையிட்டோர் 519 பேர், மடல் வழியே வந்த முறையீடுகள் 1,440, ஆக 1,959. அம்முறையீடுகளில் இரு தமிழ்ச் சொற்கள் மீண்டும் மீண்டும் வந்து, ஆங்கில அறிக்கையிலும் அவ்வாறே இடம் பெற்றன. ஒன்று 'கிட்டி': இரு கோல்களுக்கிடையே விரல்களை வைத்து நெரிப்பது. மற்றொன்று 'அண்ணாந்தாள்': மனிதனை வளைத்துக் குனியவைத்துக் கழுத்தையும் காலையும் கயிற்றால் பிணைத்து, வெயிலில் நிறுத்துவது. நம் மொழி உலகுக்கு அளித்த சொற்களுள் இவையும் உள என்று எண்ணும்போது நெஞ்சம் கூசுகிறது.

வரி தண்டுவதற்கும், குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்வதற்கும் வதை பரவலாகக் கையாளப்படுகிறது என்று மூவரும் ஐயமின்றி எழுதினர். ஐரோப்பிய அதிகாரிகள்மீது பழி விழாதவாறு அவர்கள் எழுதியதையும் நாம் மறைப்பதற்கில்லை. கார்ல் மார்க்ஸ் 1857-இல் 'நியூயார்க் டெய்லி டிரிபியூன்' இதழில் இவ்வறிக்கையை எடுத்துக்கொண்டு, அந்தக் குறையைக் கடுமையாகச் சுட்டிக்காட்டினார். ஆயினும், பட்டினத்துக் காவலின் தலைவராயிருந்தவரே காவல்துறையின் கொடுமைக்குச் சான்று பகர்ந்த ஓர் ஆவணம் வேறெங்கும் எளிதில் கிடைப்பதன்று.

அறிக்கையின் பயனாக இரு மாற்றங்கள் விளைந்தன. முதலாவது, வரித்துறையினின்று காவல்துறை பிரிக்கப்பட்டது. 1859-ஆம் ஆண்டின் 24-ஆம் சட்டம் மாகாணத்துக்கெனத் தனிக் காவல் படையை அமைத்தது. வில்லியம் இராபின்சன் அதன் தலைவரானார். பட்டினத்துக்கு 1856-லேயே போல்டர்சன் என்பவர் முதல் காவல் ஆணையரானார். 1888-ஆம் ஆண்டின் நகரக் காவல் சட்டம் இன்றளவும் சென்னையில் நடைமுறையில் உள்ளது. மயிலாப்பூர்க் கடற்கரையில் வெண்ணிறத் தூண்களோடு நிற்கும் காவல்துறைத் தலைமை அலுவலகம், 1839-இல் பிரீமேசன் சங்கத்தாரின் மண்டபமாகக் கட்டப்பட்டது. அதனை இராபின்சன் காலத்தில் வாடகைக்குப் பிடித்த காவல்துறை, பின்னர் விலைக்கே வாங்கிக்கொண்டது.

இரண்டாவது மாற்றம் இதனினும் ஆழமானது. காவல் அதிகாரியிடம் ஒருவர் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தை அவருக்கு எதிராகச் சான்றாக்கலாகாது என்னும் விதி 1861-இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் புகுந்தது. 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 25-ஆம் பிரிவாயிற்று. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சியச் சட்டத்திலும் 23-ஆம் பிரிவாக அது தொடர்கிறது. அரசே தன் காவலரை நோக்கி, 'நீர் எழுதிக் கொணரும் ஒப்புதலை நாம் ஏற்கோம்' என்று கூறுவது போன்றது இவ்விதி. வதையால் பயனில்லை எனச் செய்துவிட்டால் வதை ஒழியும் என்பது சட்டம் வகுத்தோரின் கணக்கு.

அப்படியாயின், குற்றத்தை மெய்ப்பிக்கும் வழி யாது? அதற்கும் மயிலாப்பூரிலேயே விடை இருக்கிறது. நஞ்சுண்டு மாண்டோரின் குடலைச் சோதித்து நஞ்சின் வகையைக் கண்டறிவதற்கென 1849-இல் சென்னையில் வேதியியல் ஆய்வாளர் நிலையம் தோன்றியது. நாட்டிலேயே இத்தகைய முதல் ஆய்வகம் என அதனைக் குறிப்பிடுவர். அதன் வழிவந்த தடய அறிவியல் துறை இன்று காமராஜர் சாலையில், காவல் தலைமை அலுவலகம் உள்ள அதே கடற்கரையில் இயங்குகிறது. மனிதனை நெரித்து உண்மையைப் பிழிவது ஒரு வழி. பொருளை ஆராய்ந்து உண்மையைக் காண்பது மற்றொரு வழி. முன்னது விரைவானது, பிழையுடையது. பின்னது மெதுவானது, நிலையானது. காவல் பணியின் கதை முழுவதும் இவ்விரு வழிகளுக்கிடையே நடந்த இழுபறியே எனலாம்.

பாண்டி பஜாரும் மல்லிகையும்

தியாகராய நகர் 1920-களில், மயிலாப்பூரை ஒட்டியிருந்த நீண்ட ஏரியைத் தூர்த்து அமைத்த ஊர். சௌந்தரபாண்டியனார் பெயரால் அமைந்த அங்காடித் தெருவைப் பாண்டி பஜார் என்றே மக்கள் வழங்குவர். 1982 மே 19 அன்று அத்தெருவில் துப்பாக்கிகள் வெடித்தன. இலங்கைத் தமிழ் இயக்கத் தலைவர்களான பிரபாகரனும் உமா மகேஸ்வரனும் அங்கு மோதிக்கொண்டனர். பிரபாகரன் அங்கேயே பிடிபட்டார். உமா மகேஸ்வரன் சில நாள்களுக்குப் பின் பிடிபட்டார். இருவரும் பிணையில் வெளிவந்தனர்.

கைத்தடி ஏந்திய காவலருக்கு அது ஒரு தெருச் சண்டை வழக்கு. அதன் பின்னணியிலோ ஒரு நாட்டின் உள்நாட்டுப் போரும், மற்றொரு நாட்டின் வெளியுறவுக் கொள்கையும் நின்றன. உள்ளூர் நிலையத்தின் முதல் தகவல் அறிக்கையில் அடங்காத குற்றம் நகரத்துள் நுழைந்துவிட்டது என்பதற்கு அந்நாளே அடையாளம்.

ஒன்பது ஆண்டுகள் கழிந்து, 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் இராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். புலனாய்வுக் குழு அடையாற்றை அடுத்த கிரீன்வேஸ் சாலையில் 'மல்லிகை' என்னும் மாளிகையில் அமர்ந்து பணியாற்றியது. வழக்கு தடாச் சட்டத்தின்கீழ் நடந்தது. 1861 முதல் நின்றுவந்த அணையில் அச்சட்டம் ஓர் உடைப்பை ஏற்படுத்தியிருந்தது. காவல் கண்காணிப்பாளர் நிலையிலுள்ள அதிகாரியிடம் அளிக்கும் ஒப்புதல் செல்லும் என்பதே அதன் 15-ஆம் பிரிவு. 1998 ஜனவரியில் தனி நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்ட 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே மாதத்தில் உச்சநீதிமன்றம் அவர்களுள் 19 பேரைக் கொலைக் குற்றத்தினின்று விடுவித்தது. தடாச் சட்டம் இவ்வழக்குக்குப் பொருந்தாது என்றும் கூறியது. ஆனால் அச்சட்டத்தின்கீழ்ப் பெற்ற ஒப்புதல்கள் செல்லும் என்றது.

எஞ்சியவருள் ஒருவர் பேரறிவாளன். கைதானபோது 19 வயது இளைஞர். மின்கலம் வாங்கித் தந்ததாக அவர் கூறிய வாக்குமூலமே வழக்கின் முக்கியச் சான்றுகளுள் ஒன்று. அதனைப் பதிவு செய்த புலனாய்வு அதிகாரியே 2013-இல் வெளிப்படையாக ஒரு செய்தியைக் கூறினார். மின்கலம் எதற்கு என்று தமக்குத் தெரியாது என அவ்விளைஞர் சொன்ன பகுதியைத் தாம் எழுதவில்லை என்பதே அச்செய்தி. 2022 மே 18 அன்று உச்சநீதிமன்றம் பேரறிவாளனை விடுவித்தது. அதற்குள் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழிந்திருந்தன.

அக்கொலை மன்னிக்கவொண்ணாத கொடுஞ்செயல். அதில் மாண்டோரின் குடும்பங்களது துயரம் ஆறாதது. அதன் பின்னணியைத் துலக்கிய அதிகாரிகளின் உழைப்பும் சிறிதன்று. ஆனால், ஒரு வாக்கியம் எழுதப்படாமற் போனதால் ஒரு மனிதனின் வாழ்நாள் எவ்வாறு கழிந்தது என்பதை எண்ணிப் பார்க்கும்போது, 1861-இல் அணை கட்டியவர்களின் அறிவு புலனாகிறது. பெருங்குற்றம் நிகழும்போதே மக்கள் 'விரைவான வழி'யை விரும்புகின்றனர். அணை தேவைப்படுவதும் அப்போதுதான்.

பார்க்கும் கண்கள்

பண்டிகைக் காலத்தில் ரங்கநாதன் தெருவைக் கண்டவர்க்கு மக்கள் நெருக்கம் என்பதன் பொருள் விளங்கும். அக்கூட்டத்தில் ஒரு குழந்தை கைநழுவினால், ஒரு சங்கிலி அறுபட்டால், நூறு காவலர் நின்றாலும் கண்டறிதல் அரிது. எனவே, கேமராக்கள் வந்தன. 'மூன்றாம் கண்' என்னும் பெயரால் மாநகர் எங்கும் அவை பெருகின. 2017-இல் தியாகராய நகர்க் காவல் பகுதியில் முகத்தைக் கொண்டு ஆளை அடையாளம் காணும் செயலி அறிமுகமாயிற்று. 2021-இல் மாநிலம் முழுமைக்கும் அத்தகைய ஏற்பாடு வந்தது.

கேமராவால் நன்மை இல்லை என்பாரில்லை. திருடர் பிடிபடுகின்றனர்; காணாமற் போனோர் மீள்கின்றனர். ஆயின் பட்டியலில் யார் முகம் ஏறுகிறது, அதனை நீக்குவோர் யார், பொறி தவறிழைத்தால் பொறுப்பு யாருடையது என்னும் வினாக்களுக்குத் தெளிவான சட்டம் இன்னும் வரவில்லை. பெயரைக் கொண்டும் உடையைக் கொண்டும் ஐயுறப்படுதல் எத்தகையது என்பதை நம் குடும்பங்கள் பல அறியும். முகத்தைக் கொண்டு பொறி ஐயுறும் காலத்தில் அவ்வினாக்களை நாம் பொறுமையோடும் உறுதியோடும் கேட்டாக வேண்டும்.

கேமரா ஒரு பக்கம் மட்டும் பார்ப்பதில்லை என்பதையும் வரலாறு காட்டியது. 2017 ஜனவரி 17 முதல் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காக இளைஞர்கள் ஒழுங்கோடு கூடியிருந்தனர். 23-ஆம் நாள் அவர்களை அகற்றத் தொடங்கியபோது கலவரம் மூண்டது. ஐஸ் அவுஸ் காவல் நிலையம் தீக்கிரையாயிற்று. நடுக்குப்பத்து மீன் அங்காடியும் எரிந்தது. காவலர் சிலரே வண்டிகளுக்குத் தீ வைப்பதாகக் காட்டும் படங்கள் கைப்பேசிகள் வழியே பரவின. நீதிபதி இராஜேஸ்வரன் தலைமையில் விசாரணை ஆணையம் அமர்ந்தது. ஆறு நாள்கள் மக்களும் காவலரும் நட்போடு நின்ற அதே கடற்கரையில், ஒரே காலைப்பொழுதில் அந்நட்பு கருகியது.

2020 ஜூன் மாதத்தில் தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனுமாகிய இரு வணிகர்கள் காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, கடுமையாகத் தாக்கப்பட்டு, அடுத்தடுத்து உயிர் நீத்தனர். அந்நிலையத்தில் கேமரா இருந்தது. ஆனால் அன்றாடம் பதிவு தானே அழியுமாறு அது அமைக்கப்பட்டிருந்ததை விசாரிக்கச் சென்ற மாஜிஸ்திரேட் கண்டறிந்தார். பொறியின் கண் மூடியிருந்தது. மனிதக் கண் ஒன்று திறந்திருந்தது. அந்நிலையத்துப் பெண் தலைமைக் காவலர் ஒருவர், தம் உடன் பணியாளர்கள் சூழ்ந்திருக்கவும், அஞ்சாது தாம் கண்டதைச் சாட்சியமாகச் சொன்னார். அதே ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் உச்சநீதிமன்றம் நாட்டிலுள்ள காவல் நிலையங்கள் அனைத்திலும் கேமரா வைக்கவும், பதிவுகளைப் 18 மாதம் காக்கவும் ஆணையிட்டது. ஆணை நன்று. ஆயினும் கிட்டிக்கு மாற்று கேமரா என்று நாம் அமைதி கொள்ள இயலுமா? எந்தக் கருவியையும் அணைத்து வைக்கலாம். மனச்சான்றுள்ள காவலரை அணைத்து வைத்தல் எளிதன்று.

அச்சமே மூலதனம்

குற்றத்தின் முகமும் மாறிவிட்டது. கணினி வழி இழைக்கப்பட்ட குற்றத்துக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ் நாட்டில் கிடைத்த முதல் தண்டனைகளுள் ஒன்று, 2004 நவம்பரில் எழும்பூர் நீதிமன்றத்தில் கிடைத்தது. ஒரு பெண்ணின் பெயரால் இணையத்தில் அவதூறு பரப்பியவரைச் சென்னைக் காவல்துறையினர் தேடிப் பிடித்து, அவ்வாண்டிலேயே தீர்ப்பும் பெற்றனர். பொருளை ஆராயும் வழி அங்கே வென்றது.

இன்றோ, வீட்டில் தனித்திருக்கும் முதியோருக்குத் தொலைபேசி வருகிறது. மறுமுனையில் காக்கி உடையில் ஒருவன் தோன்றி, 'உங்கள் பெயரில் போதைப்பொருள் பொதி வந்துள்ளது. நீங்கள் டிஜிட்டல் கைதில் இருக்கிறீர்கள். யாரிடமும் பேசாதீர்கள்' என்கிறான். பிள்ளைகள் அயல்நாடுகளில் பணிபுரிய, ஓய்வூதியத்தோடு முதியோர் தனித்து வாழும் அடையாறு போன்ற பகுதிகள் இவ்வஞ்சகர்க்கு வாய்ப்பான வேட்டைக்களம். வாழ்நாள் சேமிப்பு ஒரே நாளில் கரைகிறது. டிஜிட்டல் கைது என்று ஒன்று நம் சட்டத்தில் கிடையாது. எந்தக் காவலரும் திரையில் தோன்றிக் கைது செய்யார். பணத்தை மாற்றச் சொல்லார். ஏமாந்தோர் 1930 என்னும் எண்ணை உடனே அழைத்தால் பணத்தைத் தடுத்து நிறுத்த வழியுண்டு.

இங்கே நாம் ஆழ்ந்து நோக்க வேண்டிய உண்மை ஒன்றுளது. இவ்வஞ்சகரின் மூலதனம் யாது? காவலரைப் பற்றி நம் உள்ளத்தில் உறைந்துள்ள அச்சமே! காவல் நிலையத்தைத் தம் வீட்டை அடுத்த அஞ்சலகம்போல் கருதும் ஒருவர், 'சற்றுப் பொறுங்கள், நான் நிலையத்துக்கே வந்து பேசுகிறேன்' என்று எழுந்திருப்பார். மோசடி அக்கணமே முடிந்துவிடும். 1855-இல் 1,959 பேர் முறையிட்ட அதே அச்சம், இருபத்தோராம் நூற்றாண்டில் திருடனுக்குக் கருவியாகிவிட்டது. மக்களை அஞ்சவைத்த காவல்துறை, அதனாலேயே மக்களைக் காக்க இயலாத நிலைக்கு வருகிறது.

காக்கிக்குள் இருப்பவர்

ஒரு பக்கத்தை மட்டும் எழுதுதல் நீதியன்று. அச்சம் விதைக்கும் காவலரும் அச்சத்திலேயே வாழ்பவர்தாம். மேலதிகாரியின் சினம், ஓயாத பாதுகாப்புப் பணி, வழக்கை விரைந்து முடிக்க நெருக்கடி ஆகியவற்றுக்கிடையே அவர் நாள் கழிகிறது. 1966-ஆம் ஆண்டின் சட்டம் காவலர் சங்கம் அமைக்கும் உரிமையைக் கட்டுப்படுத்தியது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்னும் எளிய உரிமைக்குத் தமிழகக் காவலர்க்கு ஆணை பிறந்தது 2021-இல்தான். உறக்கமின்றி இரவெல்லாம் நின்றவரிடம் காலையில் பொறுமையை எதிர்பார்க்கிறோம். தடயத்தை ஆராய நேரமும் பயிற்சியும் அளிக்காமல், முடிவை மட்டும் கேட்டால் கை தானாகவே பிரம்பை நாடும். எனவே காவலரின் பணிநிலையைச் சீர்படுத்துதல் அவருக்குச் செய்யும் சலுகையன்று. நமக்கு நாமே செய்துகொள்ளும் காப்பு.

1973-இல் தமிழ்நாட்டில் பெண் காவலர் முதன்முதலாகப் பணியேற்றனர். 1992-இல் ஆயிரம் விளக்கில் முதல் மகளிர் காவல் நிலையம் தோன்றியது. அதுவரை வாய் திறவாதிருந்த பெண்கள் பலர் நிலையத்தின் படியேறத் தொடங்கினர். முகம் மாறினால் அச்சம் குறையும் என்பதற்கு அது சான்று. எல்லாச் சமுதாயத்து இளைஞரும் இளம்பெண்களும் காவல் பணியில் சேரும்போது, தலையாரிக் காலத்து அறிமுகம் புதிய வடிவில் மீண்டும் வாய்க்கும். நம் பிள்ளைகளும் அத்தேர்வுகளை எழுத வேண்டும்.

உரிமைகளை அறிந்திருத்தலும் கடமையே. முதல் தகவல் அறிக்கையின் படியைக் கட்டணமின்றிப் பெறலாம். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். பெண்களையும் 15 வயதுக்குட்பட்ட சிறுவரையும் 60 வயது கடந்தோரையும் சாட்சி விசாரணைக்கென நிலையத்துக்கு வருமாறு கட்டாயப்படுத்தலாகாது; அவர்தம் இல்லத்திலேயே விசாரிக்க வேண்டும். இவற்றை அறிந்த குடிமகன் காவலரிடம் பணிவோடும் நிமிர்வோடும் பேசுவான். அறியாதவன் அஞ்சுவான், அல்லது சீறுவான். இரண்டும் காவல் பணிக்கு ஊறு விளைப்பவை.

எலியட் தம் துறையின் குறையைத் தாமே எழுதினார். நூற்று அறுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், சாத்தான்குளத்தில் ஒரு பெண் காவலர் தம் நிலையத்தின் கொடுமையைத் தாமே சொன்னார். அவ்விருவருக்கும் இடையே எத்தனையோ சட்டங்கள், ஆணையங்கள், கருவிகள் வந்து போயின. காவல்துறை திருந்துவதற்குரிய ஆற்றல் அத்துறைக்குள்ளேயே உண்டு என்பதை இருவரும் மெய்ப்பித்தனர். அத்தகையோர் பெருகுவதற்கு வெளியிலிருந்து துணை நிற்பது நம் கடமை. சான்று சொல்பவரைத் தனியே விடாத சமுதாயத்தில்தான், காவல் நிலையத்தின் விளக்கொளி அண்டை வீட்டு விளக்கொளிபோல் ஆறுதல் தரும்.